மாதிரிக் குடும்பம்

கடைத்தெருவில் அவளுக்கு 'வாங்காத அக்கா' என்று பெயர். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில், தாளைக் கவ்விப் பிடிக்கும் அட்டை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வருவாள். பால், ரொட்டி, ஒரு டஜன் முட்டை, துணி சோப்பு, கோடு போட்ட நோட்டு, ஆண்களுக்கான தோல் செருப்பு என்று வரிசையாக விலை கேட்டு எழுதிக்கொள்வாள். ஒன்றையும் வாங்க மாட்டாள். விலை எடுக்கிற கடையில் பொருள் வாங்கக் கூடாது என்பது அவள் அலுவலகத்தின் விதி. வாடிக்கையாளராகிவிட்டால் கடைக்காரர் முகத்துக்காக விலையைக் குறைத்துச் சொல்வார், கணக்கு கெட்டுப்போகும்.

"வாங்காத அக்கா வந்தாச்சு, கடையை மூடுங்கப்பா," என்பார் மளிகைக்காரர். "போன மாசம் சொன்னதையே எழுதிக்கிட்டா என்ன? உங்களுக்காக நான் ஏத்தியா வெச்சிருக்கேன்?"

"ஏத்தலைன்னு நீங்க வாயால சொல்லணும், அண்ணே. நானா எழுதக் கூடாது."

"நல்லாயிருக்கே. இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு சோப்பு வாங்கினதில்ல. ஆனா என் சோப்பு விலை எனக்கே மறந்தாலும் உங்களுக்கு மறக்காது."

அவளை அனுப்பிய நிறுவனம் ஊர்களை ஒப்பிட்டு விற்றது. ஒரு கம்பெனி தன் அதிகாரியை வேறு ஊருக்கு மாற்ற நினைத்தால், இங்கே வாழ்கிற மாதிரியே அங்கேயும் வாழ அவருக்கு எவ்வளவு வேண்டும் என்று இவர்களிடம் கேட்கும். இவர்கள் இரண்டு ஊரிலும் ஒரே எடை ரொட்டி, ஒரே அளவு பால், ஒரே ரகச் சட்டை என்று விலை எடுத்துக் கூட்டி, இந்த ஊரின் நூறு அந்த ஊரின் நூற்று முப்பது என்று சொல்லுவார்கள். ஒப்பிட வேண்டுமானால் இரண்டு பக்கமும் பொருள் ஒன்றாக இருக்க வேண்டும்; வாழ்க்கை எங்கும் அப்படி இருப்பதில்லை. அதனால் வாழ்க்கைக்குப் பதிலாக அவர்கள் ஒரு குடும்பத்தை உண்டாக்கி வைத்திருந்தார்கள். கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒன்று. அலுவலகத்தில் அதற்கு மாதிரிக் குடும்பம் என்று பெயர்.

அந்தக் குடும்பத்தைப் பற்றி அலுவலகத்தில் நிறையக் கேலி உண்டு. மாதிரிக் கணவன் மாதம் ஒரு தடவை முடி வெட்டிக்கொள்வான். வருஷத்துக்கு ஒரு ஜோடி செருப்பு, மூன்று சட்டை. மாதம் ஒரு பாக்கெட் சவர பிளேடு. குடிக்க மாட்டான், கடன் வாங்க மாட்டான், அவனுக்குப் பல்வலி வந்ததாக எந்தத் தாளிலும் இல்லை. "எனக்கு மட்டும் இப்படி ஒருத்தன் கிடைச்சிருந்தா," என்று பக்கத்து மேசைக்காரி பெருமூச்சு விடுவாள். "கிடைச்சிருந்தா ரெண்டே நாள்ல போரடிச்சு ஓடி வந்திருப்ப," என்பாள் இவள். அப்போதெல்லாம் அவளும் கேலி பேசுவாள்.

அவளுடைய சொந்தக் குடும்பம் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. இரண்டு அறை, ஒரு சமையல் இடம், எந்நேரமும் லேசாக ரப்பர் வாசனை. அவளும், நான்காம் வகுப்பு படிக்கிற மகளும், கணவனின் அப்பாவும். மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து தாடி வளர்க்கிறார். "முப்பது வருஷம் விடியறதுக்கு முன்னாடி எழுந்து, அரைத் தூக்கத்துல கன்னத்தைக் கிழிச்சுக்கிட்டேன். இனிமே அது பாட்டுக்கு அது, என் பாட்டுக்கு நான்," என்பார். காலையில் மகளைப் பள்ளியில் விட்டுவருவதும் மாலையில் அழைத்துவருவதும் அவர் பொறுப்பு. சின்ன ஓய்வூதியம் ஒன்று வரும். அதை அப்படியே மருமகள் கையில் கொடுத்துவிடுவார்.

கணவன் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவன். எட்டு மாதத்துக்கு முன் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் வேலையை முடித்து, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கியவன், நடுப்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தான். எழவில்லை. பணம் கொடுக்கப் பின்னாலேயே வந்த அந்த வீட்டம்மா, அவன் கைபேசியைத் தேடுகிறான் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றிருந்தாராம்.

அவள் அழுதாளா என்றால் அழுதாள். பிறகு அழுகை நின்றது. அது நின்றபோது கூடவே வேறு பலவும் நின்றுவிட்டன. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் உதட்டைக் கடித்தாலும் தெரியாதே, உதடு என்று ஏதோ கொழுக்கென்று தொங்குவது மட்டும் தெரியுமே, அந்த மாதிரி. அந்த மாதத்து விலைகளைக்கூட அவள் தவறவிடவில்லை. ரொட்டி ஏறியிருந்தது, எழுதினாள். சோப்பு அதே விலை, எழுதினாள். "தைரியமான பொம்பளை," என்று அலுவலகத்தில் சொன்னார்கள். சொன்னவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் தைரியத்துக்குப் பயம் என்று ஒன்று எதிரில் நிற்க வேண்டும். அவளுக்கு எதிரில் எதுவும் நிற்கவில்லை.

கிளையை மூடப்போவதாக மேலாளர் சொன்னபோதும் அப்படித்தான்.

"இனிமே கடைங்களே கம்ப்யூட்டர்ல விலையை அனுப்பிடும்மா. ஆள் போய்க் கேக்க வேண்டியதில்ல. ஆனா தலைமை ஆபீஸ்ல சரிபார்க்கிற வேலை ஒண்ணு இருக்கு. உங்களுக்குன்னு கேட்டு வெச்சிருக்கேன். போறீங்களா?"

"போகலைன்னா?"

"போகலைன்னா மூணு மாசச் சம்பளம் குடுத்துக் கணக்கை முடிச்சிடுவாங்க."

"அங்க சம்பளம்?"

மேலாளர் சிரித்தார். "நம்ம தாளை வெச்சுத்தான் ஏத்துவாங்க. நூத்துக்கு நூத்து முப்பது. நம்ம கணக்கை நாமளே நம்பலைன்னா எப்படி?"

தலைநகரம் இரவு முழுக்க ரயிலில் போனால் வருகிற ஊர். அங்கே அவள் இரண்டு தடவை பயிற்சிக்குப் போயிருக்கிறாள். அந்த ஊரின் முட்டை விலை அவளுக்குத் தெரியும், தெருக்கள் தெரியாது. மதியம் சாப்பிட்டுவிட்டு, அலுவலகத்தின் வெற்றுத் தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். இடது பக்கம் இந்த ஊர், வலது பக்கம் அந்த ஊர். மாதிரிக் குடும்பத்துக்கான அளவுகள் தாளிலேயே அச்சடித்திருக்கும். வீட்டில் கூடுதலாகப் பெரியவர்கள் யாராவது இருந்தால் கீழே சேர்த்துக்கொள்ள ஒரு வரி உண்டு. அதில் மாமனாரைச் சேர்த்து, மேலே இருந்த எண்ணிக்கையையும் திருத்தினாள். வரவில் அவருடைய ஓய்வூதியத்தையும் சேர்த்தாள். விலைகளை மூன்று முறை சரிபார்த்தாள். ஆட்களைச் சரிபார்க்கும் வழக்கம் அந்தத் தொழிலில் இல்லை.

இரண்டு அறை வீடு எடுத்தால் அந்த ஊரில் மாதா மாதம் பெரிதாகத் துண்டு விழுந்தது. மாமனாரை விட்டுவிட்டு, ஒற்றை அறை எடுத்தால் ஓரளவு சமாளிக்கலாம் என்று வந்தது. ஒற்றை அறையில் அவளும் மகளும் இருக்கலாம். மாமனாரைக் கூட வைத்துக்கொள்ள முடியாது. இந்த ஊரின் பக்கத்திலும் கொஞ்சம் துண்டு விழுந்ததைக் கவனித்தாள். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தாளில் வாழ்கிற மாதிரி யாரும் வாழ்வதில்லை, தாள் எப்போதும் கூடச் சொல்லும் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

அன்று மாலை தாளைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள்.

"மாமா, ரெண்டு ரூம் வீடு கட்டுப்படியாகாது போலிருக்கு."

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு தாளை எடுத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். மகள் தட்டில் இருந்த ரொட்டியின் ஓரங்களைப் பிய்த்து ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"சரிம்மா," என்றார். தாளை மடிக்காமல் இருந்த இடத்திலேயே வைத்தார். "நான் பொண்ணு வீட்டுக்குப் போயிக்கறேன். இல்லைன்னா வயசானவங்களுக்குன்னு இடம் இருக்காமே, அங்க விசாரிப்போம்."

"தாத்தா வரலையா? அப்ப என்னை யாரு ஸ்கூல்ல விடுவாங்க?" என்றாள் மகள்.

கேள்வி கொஞ்ச நேரம் மேசைமேல் இருந்தது. பிறகு தட்டுகளோடு சேர்த்து அதையும் எடுத்துவைத்தார்கள். மறுநாளே அவர் தகரப் பெட்டியில் துணிகளை அடுக்க ஆரம்பித்தார். அவரிடம் அடுக்குவதற்கு அதிகம் இல்லை. இருந்தாலும் தினமும் கொஞ்சம் அடுக்கினார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வருத்தப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வாசல் தெரிகிறது, கதவு திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாத்தனார் வந்தாள். கணவனின் ஒரே தங்கை. ஊரின் மறுகோடியில் அவளும் அவள் வீட்டுக்காரரும் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறார்கள். வெயிலில் வந்த கோபமும் அதற்கு முன்பே கிளம்பியிருந்த கோபமுமாகப் படியேறி, செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணி, நான் அப்பாவை வேண்டாம்னு சொல்ல வரல. அதை முதல்ல புரிஞ்சுக்குங்க."

அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது.

"தண்ணி குடிம்மா," என்றாள் இவள்.

"தண்ணி இருக்கட்டும். எங்க வீட்டை நீங்க பாத்திருக்கீங்க. ஒரு ரூம்ல எங்க மாமியார். இன்னொண்ணுல நாங்களும் பிள்ளைங்களும். அப்பாவைக் கடையில தேய்க்கிற மேசைக்கு அடியிலதான் படுக்க வைக்கணும். மேல நெருப்புப் போட்ட இஸ்திரிப் பெட்டி, கீழ எங்க அப்பா."

"எனக்கென்ன, எங்க போட்டாலும் தூக்கம் வரும்," என்றார் அவர் ஜன்னலோரத்து நாற்காலியிலிருந்து. "முப்பது வருஷம் நின்னுக்கிட்டே தூங்கினவன்."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்கப்பா. உங்களுக்காகத்தான் பேசறேன், நீங்களே எனக்கு எதிராப் பேசாதீங்க." நாத்தனார் புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கணக்கைக் காட்டுங்க அண்ணி. பெரிய ஆபீஸ்ல ஊருக்கெல்லாம் கணக்குப் போடுறவங்க நீங்க, தப்பு வராது. ஆனாலும் ஒரு தடவை நானும் பாத்துக்கறேன். நாளைக்கு எங்க வீட்ல அவர் கேட்டா நான் சொல்லணும் இல்ல?"

இவள் தாளை எடுத்துக் கொடுத்தாள். நாத்தனார் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, தாளைத் தொடைமேல் விரித்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். துணியை எண்ணி எண்ணிப் பழகிய விரல். அடுக்கில் ஒரு கைக்குட்டை குறைந்தாலும் நிற்கும்.

"இந்தப் பக்கம் நம்ம ஊர்தானே?"

"ஆமா."

"இங்கயே துண்டு விழுதே!"

"தாள்ல எப்பவும் கூடத்தான் வரும்."

"எவ்வளவு கூட? எதிர்வீட்டு மளிகையும் சேந்து வர்ற அளவுக்கா? மாசா மாசம் இவ்வளவு குறைஞ்சா இத்தனை நாள் எப்படி ஓட்டினீங்க? யாராச்சும் குடுக்கறாங்களா?"

"யாரும் குடுக்கல."

"அப்ப எங்கயோ இடிக்குது. இருங்க." விரல் நகர்ந்தது. "முட்டை... இத்தனையா? நீங்க தொட மாட்டீங்க. பாப்பாவுக்கு ஒண்ணு குடுத்தாலே மூக்கைப் பிடிச்சுக்கும். யாரு திங்கறா? அப்பா, நீங்களா?"

"எனக்கு வாரத்துக்கு ரெண்டு. டாக்டர் சொல்லியிருக்காரு."

"கேட்டீங்களா? அடுத்து, பஸ் பாஸ். உங்களுக்கு ஒண்ணு, சரி. இன்னொண்ணு யாருக்கு? டிப்போவுல குடுத்த பாஸ் அப்பாகிட்ட இருக்கு. அப்பா காசு குடுத்து டிக்கெட் வாங்கினா பஸ்ஸு அதிர்ச்சியில நின்னுடும்." அவள் குரலில் தெம்பு ஏறிக்கொண்டே வந்தது. கோபம் போய் வேட்டைக்காரியின் சந்தோஷம் வந்துவிட்டது. "இதைப் பாருங்க, இதைப் பாருங்க! சவர பிளேடு, மாசம் ஒரு பாக்கெட். ஏம்ப்பா, இந்தத் தாடிக்கு அடியில இன்னொரு மூஞ்சி வெச்சிருக்கீங்களா, ரகசியமா சவரம் பண்ண? தோல் செருப்பு, ஆண்களுக்கு. அப்பா ரப்பர் செருப்பைத் தவிர வேற போட்டு நான் பாத்ததில்ல. சட்டை மூணு. நான் அப்பவே நினைச்சேன் அண்ணி, எங்கயோ ஒரு ஆளு செலவு கூட வருதுன்னு. மாட்டிக்கிச்சு பாத்தீங்களா! இந்தச் சட்டை யாருக்கு, இந்தச் செருப்பு யாருக்கு, வீட்ல யாரு போட்டுக்க..."

நின்றுவிட்டாள். விரல் அந்த வரியிலேயே இருந்தது.

கீழே டயர் கடையில் காற்றடிக்கிற இயந்திரம் ஓடத் தொடங்கி, நிறைந்து, தானாக நின்றது.

இவள் குனிந்து தாளைப் பார்த்தாள். மேலே, தலைப்புக்குக் கீழே, 'பெரியவர்கள்' என்ற இடத்தில் இரண்டு என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு மூன்று என்று எழுதியிருந்தது. அவள் கையெழுத்துத்தான். மூன்றின் வால் வழக்கம்போலக் கொஞ்சம் நீண்டிருந்தது. ஒவ்வொரு மாதமும் நிரப்புகிற தாள். கணவன் ஒருவன், மனைவி ஒருத்தி, பிள்ளை ஒன்று. அந்த வரிகள்மேல் அவள் கை எங்கும் தயங்காமல் போயிருக்கிறது.

"அவரைச் சேத்துட்டேன்," என்றாள்.

முட்டை விலையை ரொட்டிக்கு நேரே எழுதிவிட்டேன் என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். அந்தக் குரல் தனக்கே கேட்டது.

"அண்ணி," என்றாள் நாத்தனார். கொஞ்ச நேரத்துக்கு முன்பு வேட்டையாடிய முகம் இப்போது சிறுபிள்ளை முகமாகிவிட்டது. தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியாது அண்ணி. சத்தியமா நான் அப்படி நினைச்சுக் கேக்கல. நான் பாட்டுக்கு அண்ணனோட சட்டையைப் போய்..."

"நீ என்ன பண்ணுவ? தாள்ல இருக்கிறதைத்தானே படிச்ச."

"நான் பாத்தேன்," என்றார் மாமனார்.

இருவரும் திரும்பினார்கள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா பாத்தீங்க?"

"நாலு தலை இருந்துச்சு. அன்னைக்கு மேசைமேல வெச்சப்பவே பாத்தேன். வண்டியில ஒரு தலை கூட இருந்தா எனக்குத் தெரியாதா?"

"அப்ப சொல்ல வேண்டியதுதானே! அந்தக் கணக்கை வெச்சுத்தானே உங்களை வெளிய அனுப்பப் பாத்தோம். பெட்டி கட்டிட்டு உக்காந்திருக்கீங்க. வாயில என்ன வெச்சிருந்தீங்க?"

அவர் தாடியை ஒரு பக்கமாக நீவிக்கொண்டார்.

"சொன்னா அவனை இறக்கி விடணுமே," என்றார்.

நாத்தனார் இப்போது வெளிப்படையாகவே அழுதாள். இவள் அழவில்லை. அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகனுக்கு ஒரு இடம் இருக்கட்டும் என்று தன் இடத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார். இதைப் பெரிய மனசு என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர் அதைப் பெரிய மனசோடு செய்ததாகத் தெரியவில்லை. தாளில் நான்கு தலை இருந்தது, இருக்கட்டும் என்று விட்டார், அவ்வளவுதான். நெடுநேரம் யோசித்துச் செய்கிற நல்ல காரியங்களைப் பற்றி மனிதர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். இந்த மாதிரிக் காரியத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை.

அவள் போய்ப் பென்சிலை எடுத்துவந்து நாத்தனாருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"வேற தாள்ல புதுசா எழுதிக்கலாம் அண்ணி," என்றாள் நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இதை விட்டுடலாம்."

"இல்லம்மா. இதுலயே திருத்தணும். தப்பா எழுதினா ஒரே ஒரு கோடு போடணும், பழசு கண்ணுக்குத் தெரியணும். அழிக்கக் கூடாது. எங்க ஆபீஸ்ல அப்படித்தான்."

"அப்ப நான் படிக்கட்டுமா?"

"படி."

நாத்தனார் படித்தாள், இவள் கோடு போட்டாள். சவர பிளேடு. தோல் செருப்பு. சட்டை மூன்று. முடி வெட்டுக் கூலி. இரண்டாவது பஸ் பாஸ். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் கோடு போட வேண்டியிருந்தது, இந்த ஊரில் ஒன்று, அந்த ஊரில் ஒன்று. அந்த ஊரில் அவன் ஒரு நாளும் இருந்ததில்லை. ஆனாலும் அங்கிருந்தும் அவனை எடுக்க வேண்டியிருந்தது.

"முட்டை," என்றாள் நாத்தனார். "அண்ணனுக்கு தினம் ரெண்டு, அதைக் கழிச்சுடுங்க."

"மூணு."

"ரெண்டுதான் அண்ணி. எங்க வீட்ல இருக்கறப்ப எப்பவும் ரெண்டுதான் கேட்கும்."

"உங்க வீட்ல வெக்கப்பட்டுக்கிட்டு ரெண்டு. இங்க மூணு."

"மூணா?" நாத்தனாருக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. "எங்கம்மா என்னைப் பட்டினி போட்டு அதுக்கு ஊட்டினாங்கன்னு நான் சண்டை போட்டது சரியாத்தான் இருக்கு. அச்சடிச்ச அளவு எவ்வளவு?"

"ஒண்ணு."

"அப்ப ஒண்ணுதான் கழிக்க முடியும்."

"ஆமா. ஒண்ணுதான் கழிக்க முடியும்."

கடைசி வரிவரைக்கும் வந்து, இரண்டு பக்கத்தையும் திரும்பக் கூட்டினாள். இந்த ஊரின் பக்கத்தில் துண்டு விழவில்லை. இத்தனை மாதம் அவர்கள் எப்படி ஓட்டினார்களோ, அது அப்படியே தாளில் வந்திருந்தது. அந்த ஊரின் பக்கத்தில் இரண்டு அறை வீட்டுக்குக் கொஞ்சம் குறைந்தது. முன்பு குறைந்ததைப் பார்க்க இது ஒன்றுமே இல்லை.

நாத்தனார் அந்தக் கடைசி எண்ணை உற்றுப் பார்த்தாள். "இதை நான் குடுத்துடறேன். மாசா மாசம்."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்லுவார்?"

"அவருக்குத் தெரிஞ்சாத்தானே சொல்லுவார்? எல்லாச் சட்டையையும் அவர் கண்ணு முன்னாடியா தேய்க்கறேன்? தினம் காலையில நாலு சட்டை, அதோட கூலி என்னுது." உடனே விரலை உயர்த்தி எச்சரித்தாள். "இதை வெளிய மூச்சு விடக் கூடாது. பாப்பாகிட்டயும்தான். அது ரேடியோ."

"காசு வேணாம்மா. பாத்துக்கலாம்."

"அண்ணி, மேசைக்கு அடியில படுக்க வைக்கறதைவிட எனக்கு இது மலிவு. கணக்குப் பாத்துத்தான் சொல்றேன்." அது முழு உண்மையும் இல்லை, முழுப் பொய்யும் இல்லை. இருவரும் அதை அப்படியே விட்டார்கள்.

அப்போதுதான் இவளுக்கு ஒன்று தோன்றியது. ஒற்றை அறை, இரண்டு அறை, இஸ்திரி மேசை, முதியோர் இல்லம் என்று இத்தனை நாளாகப் பேசியதில், யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போனாள்.

"மாமா, நீங்க எங்ககூட வர்றீங்களா?"

"மாடி எத்தனை ஏறணும்? இப்ப இந்த ஒரு மாடியே முடியல."

"கீழ் வீடாப் பாக்கச் சொல்றேன்."

"கக்கூஸ் உக்கார்ற மாதிரி இருக்கணும். குந்தினா எழ முடியல. எழுப்பறதுக்கு ஒரு ஆள் வேணும்."

"கேக்கறேன்."

"ஸ்கூல் எவ்வளவு தூரம்? நடக்கற தூரமா?"

"அதையும் கேக்கறேன்."

அவர் யோசித்தார். விலை சரிதானா என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. "அப்ப சரி," என்றார்.

"அப்பா, எழுந்து முதல்ல அந்தப் பெட்டியைப் பிரிங்க," என்றாள் நாத்தனார். "பாக்கவே சகிக்கல."

"எதுக்குப் பிரிக்கணும்? எப்படியும் போகத்தானே போறோம். கட்டினது கட்டினபடி கிடக்கட்டும். உனக்கு வேலை இல்லைன்னா போய் ஒரு டீயைப் போடு."

நாத்தனார் முகத்தைக் கழுவிக்கொண்டு டீ போடப் போனாள். உள்ளேயிருந்து, இந்த வீட்டில் சர்க்கரையை எங்கே ஒளித்து வைப்பீர்கள் என்று கத்தினாள். ஞாயிறு என்று பார்க்காமல் இவள் தலைநகரத்து வீட்டுத் தரகரைக் கைபேசியில் கூப்பிட்டாள். அலுவலகத்தில் கொடுத்த எண். வாடகை விலை எடுப்பதற்காக முன்பு இரண்டு மூன்று தடவை பேசியிருக்கிறாள். தனக்காக வீடு கேட்டுப் பேசுவது இதுதான் முதல் தடவை.

"ரெண்டு ரூமா? இருக்கும்மா, இருக்கு. கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கும், பரவாயில்லையா? பஸ்ஸு வாசல்ல வரும். எத்தனை பேர் இருப்பீங்க?"

"மூணு பேர். நான், என் மாமனார், என் பொண்ணு."

"உங்க வீட்டுக்காரர்?"

"அவர் இல்ல."

"வெளிநாட்டுல இருக்காரா? லீவுக்கு வந்து போவாரா? ஓனரு கேப்பாரும்மா, அதான்."

"இல்லங்க. இறந்துட்டார்."

மறுமுனையில் எங்கோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே கடந்துபோயிற்று.

"சரிம்மா," என்றார் பிறகு. "மூணு பேர்னு சொல்லிடறேன். இப்ப ரெண்டு வீடு கைவசம் இருக்கு. ரெண்டாவது மாடியில ஒண்ணு, காத்து பிச்சுக்கிட்டுப் போகும், வாடகையும் கம்மி. கீழ ஒண்ணு, கொஞ்சம் இருட்டு, வாடகை கொஞ்சம் கூட. மாடியைக் காட்டட்டுமா?"

"கீழ் வீட்டைக் காட்டுங்க," என்றாள் அவள். "படி ஏற முடியாதவர் ஒருத்தர் எங்ககூட இருக்கார்."